ரெண்டு பி கம்பெனி

சிகரெட் லைட்டரின் நீலத் தழலில் கோணி ஊசி சிவக்கும்வரை அந்தக் கடையில் யாரும் பேசமாட்டார்கள். சிவந்ததும் அண்ணாச்சி பொம்மையைக் குப்புறப் போடுவார். இடது கையால் அதன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, உள்ளங்காலில், நிற்க வைத்தால் வெளியே தெரியாத இடமாகப் பார்த்து ஊசியை இறக்குவார். சுர்ரென்று ஒரு சின்னச் சத்தம். நூலளவு புகை. அதை அவர் மூக்கு வாங்கிக்கொள்ளும். அவர் கண்கள் மூடியிருக்கும்; பொம்மையைக் கொண்டுவந்தவரின் கண்கள் விரியத் திறந்திருக்கும். மெழுகுவர்த்தி அணைந்த வாசம் வந்தால் அது ஒருவகைப் பிளாஸ்டிக். மூக்கின் உள்தோலைக் கிள்ளும் நெடி வந்தால் வேறொன்று. பழம் அழுகியதுபோலத் தித்திப்பாய் வந்தால் இன்னொன்று. எது எந்த நாட்டில், எந்தக் காலத்தில் புழங்கியது என்று அந்த மூக்குக்குத் தெரியும். புகை கலைவதற்குள் தீர்ப்பு வந்துவிடும். தீர்ப்பு வந்தபின் அந்த நாற்றம் சட்டையில் ஒட்டிக்கொண்டு வீடுவரை கூட வரும்.

ராயபுரத்தில், கல்மண்டபத்துக்குப் பின்னால் லாரிகள் திரும்ப முடியாத ஒரு சந்தில் அண்ணாச்சியின் கடை இருந்தது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். இளவயதில் பொம்மை மொத்த வியாபாரம். பிறகு மூடிப்போன கடைகளின் மிச்சச் சரக்கையெல்லாம் வாங்கி அடுக்கி, அதைத் தேடி வருகிறவர்களுக்கு விற்பவர் ஆனார். குழந்தைகள் அந்தக் கடைக்கு வந்து நான் பார்த்ததில்லை. தலை நரைத்தவர்கள் வருவார்கள். பெங்களூரிலிருந்தும் பம்பாயிலிருந்தும் விமானத்தில் வருவார்கள். கை மடங்கும் சிப்பாய்கள், இடுப்பு திரும்பும் மல்யுத்த வீரர்கள், கண்ணாடித் தொப்பி போட்ட விண்வெளிக்காரர்கள், முகமூடி மனிதர்கள். எந்தக் கம்பெனி செய்தது, எந்த நாட்டில் செய்தது என்று பெயர் போன பொம்மைகளுக்கு எல்லாம் ஊருக்குத் தெரிந்த விடை இருக்கிறது. பெயரில்லாத பொம்மைகள்தான் அண்ணாச்சியிடம் வந்து சேரும். முதுகில் முத்திரை தேய்ந்தவை, அல்லது முத்திரையே பொய்யானவை. வெளிநாட்டிலிருந்து படம் அனுப்பிக் கேட்பார்கள். படத்தைப் பார்த்து அவர் ஒருபோதும் சொல்லமாட்டார். "மோந்து பாக்காம சொல்லுததுக்கு நான் என்ன சோசியக்காரனா?" என்பார்.

ஊசியைக் கையில் எடுப்பதற்குமுன் ஒரு கேள்வி கேட்பார். எல்லோரிடமும் அதே கேள்வி, அதே சுருதியில்.

"உண்மை வேணுமா, பொம்மை வேணுமா?"

பொம்மை போதும் என்று சொல்லிவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுவார். துடைத்து, காகிதத்தில் சுற்றி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவார். அப்படிப் போனவர்கள் மிகக் குறைவு. மனிதர்களுக்கு உண்மைமேல் அப்படி என்ன பசியோ. ஓய்வுபெற்ற ஓர் அதிகாரி, தன் மேலதிகாரி ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்து கொடுத்ததென்று வீட்டில் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கும்பிடாத குறையாகக் காத்த ஒரு குதிரைவீரனைக் கொண்டுவந்தார். அண்ணாச்சி முகர்ந்தார். "சோப்பு ரெண்டு வாங்கினா இது சும்மா குடுத்தான் சார். உங்க ஆபீசரு சோப்ப வச்சுக்கிட்டு இத உங்களுக்குக் குடுத்திருக்காரு" என்றார். இன்னொரு நாள், தேடித்தேடி வாங்கிய முகமூடி வீரனைப் புது மனைவியோடு எடுத்து வந்தான் ஓர் இளைஞன். "ஒடம்பு ஒரு கம்பெனி, தலை வேற கம்பெனி. எவனோ பொருத்தி உங்கிட்ட தள்ளிட்டான். இனி பிரிச்சா ரெண்டும் ஒடஞ்சிரும்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணை ஒருமுறை பார்த்து, "சில கல்யாணம் இப்படித்தான்" என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறரைக் காயப்படுத்தி அதில் குளிர்காய்கிறவர்களை எனக்குத் தெரியும். அவர் அந்த ரகம் இல்லை. பல் பிடுங்குகிறவர் பல்லைத் தட்டில் போடுவதுபோல உண்மையை மேசையில் போடுவார். ரத்தம் உன்னுடையது, துடைத்துக்கொள்.

இதெல்லாம் நான் வீடியோக்களில் பார்த்தது. அவரிடம் நான் நேரில் போனது என் அம்மாவுக்காக.

நாங்கள் எண்ணூர். என் நைனா கப்பல்காரர். அப்படித்தான் எங்கள் தெரு அவரைச் சொல்லியது, அப்படித்தான் நான் பள்ளிக்கூடத்தில் சொன்னேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹார்பருக்கென்று பஸ் ஏறுவார், மாதக்கணக்கில் வரமாட்டார், வரும்போது கன்னம் ஒட்டி, கைகளில் தீப்பட்ட தழும்புகளோடு வருவார். கப்பலில் எஞ்சின் ரூம் என்பார். அம்மா தேங்காய் எண்ணெய் தடவுவாள். அந்தத் தழும்புகளை முகர்ந்தால் கடல் வாசம் வருமென்று நினைத்து நான் முகர்ந்திருக்கிறேன். இப்போது யோசித்தால் அது மெழுகு வாசம். வரும்போதெல்லாம் எனக்கு ஒரு பொம்மை கொண்டுவருவார். தலைமயிர் வைத்த, கண் மூடித் திறக்கும் பெண் பொம்மைக்கு நான் ஏங்கினேன். அவர் கொண்டுவந்ததோ துப்பாக்கி ஏந்திய சிப்பாய்கள். பச்சையில், காக்கியில், ஒருமுறை எங்கும் இல்லாத ஊதா நிறத்தில். "பொட்டப் புள்ளைக்கி இன்னாத்துக்குய்யா பட்டாளத்தான்?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டபோது அம்மாதான் பதில் சொன்னாள்: "கப்பலு நிக்கிற ஊர்ல அதான் கெடைக்கும்." சிப்பாயின் முதுகில், இடுப்பு வாருக்குக் கீழே, ஆங்கிலத்தில் பொடி எழுத்து: மேட் இன் ஜப்பான். நான் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆங்கில வாசகம் அதுதான். அம்மா எழுதப்படிக்கத் தெரியாதவள். அந்த எழுத்துகளை விரலால் தடவித்தான் படிப்பாள்.

ஐந்தாம் வகுப்பில் உலக வரைபடத்தில் ஜப்பான் என்று ஆங்கிலத்தில் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். டீச்சர் என் தாளைத் தூக்கி வகுப்புக்கே காட்டினார். "யாருடி உனக்கு ரெண்டு 'பி' சொல்லிக் குடுத்தது?"

"எங்க நைனா ஜப்பானுக்குப் போய்ட்டு வந்தவரு டீச்சர். அங்க ரெண்டு 'பி'தான் போடுறாங்க."

அளவுகோலைத் திருப்பிப் பிடித்து, முட்டியில் அடித்தார். அழுதுகொண்டு வந்து அம்மாவிடம் பொம்மையைக் காட்டினேன். இதோ பார், ரெண்டு இருக்கிறது. அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஜப்பான்காரனுக்கு இங்கிலீசு எங்கடி தெரியும்? தப்பாத்தான் போடுவான். அதுக்கு உன்ன அடிப்பாளா அவ?" என்று டீச்சரைத் திட்டினாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. வளர்ந்து, கல்லூரி போய், பத்திரிகையில் பிழைதிருத்தும் வேலையே பார்த்த காலத்திலும் அது போதுமானதாகவே இருந்தது. ஊரார் பிழையையெல்லாம் சிவப்பு மையால் சுழித்த என் கண், வீட்டு அலமாரியில் நின்ற பிழையை ஒருநாளும் சுழிக்கவில்லை.

நைனா கடைசியாகக் கொடுத்தனுப்பியது ஒரு முக்குளிப்பான் பொம்மை. உருண்டைத் தலைக்கவசம், மார்பில் பெரிய பித்தளைத் தகடு மாதிரி ஒரு வட்டம், கனத்த காலணி, கடலடியில் நடக்கிற மனிதன். முதுகில் எழுத்தே இல்லை. நீல உடம்பு, அந்த நீலத்துக்குள் சிவப்பு ஒரு கீற்றாக வந்து சுழன்று கலந்திருந்தது. அதை ஒரு ஆள் வந்து கொடுத்தான். கூட வேலை செய்கிறவன் என்றான். "அடுத்த தபா வந்துடுவாரு அண்ணி, சொல்லச் சொன்னாரு" என்றான். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டான். அதற்குப்பின் நைனா வரவில்லை. அந்தத் தபா இன்னும் வரவில்லை.

கப்பல் முழுகிவிட்டது என்றார்கள் சிலர். எந்தக் கப்பல் என்று அம்மாவுக்குத் தெரியாது. வேறு தேசத்தில் சிறை என்றார்கள். சீக்கு வந்து தண்ணீரில் இறக்கிவிட்டிருப்பார்கள் என்றார்கள். அம்மா உப்பளத்தில் உப்பு வாரினாள். பாதங்கள் வெடித்து, வெடிப்பில் உப்பு ஏறி, அந்தக் காலோடு வந்து, முக்குளிப்பானுக்கு முன்னால் விளக்கேற்றுவாள். நீலம் கடலாம், சிவப்புக் கீற்று பொழுது சாய்கிற வானமாம். கடலுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறேன் என்று சொல்லத்தான் முக்குளிப்பானை அனுப்பியிருக்கிறார் என்று அவளாகவே ஒரு கடிதத்தை அந்தப் பிளாஸ்டிக்கில் எழுதிப் படித்துக்கொண்டாள். பொட்டை அழிக்கவில்லை. "கப்பல்காரன் பொண்டாட்டி உப்பு வார்றா பாரு" என்று களத்தில் கேலி செய்தவர்களெல்லாம் செத்துப்போனார்கள். உப்பளங்களும் போய், அந்த இடத்தில் சாம்பலும் கண்டெய்னர்களும் வந்தன. அவள் விளக்கு மட்டும் நின்றது.

அண்ணாச்சியைப் பற்றிய ஒரு வீடியோவை நான் அவளுக்குக் காட்டினேன். விளையாட்டாகத்தான். பார்த்தவள், புரை விழுந்த கண்களால் என்னையே பார்த்தாள்.

"அந்த ஆளு பொம்மையப் பாத்து ஊரு சொல்வாராமா?"

"சொல்வாராம்."

"அப்போ இத எட்துகினு போ. கடசியா எந்தக் கரையில நின்னாருன்னு தெரிஞ்சா போதும். நா எந்தத் திக்கப் பாத்து வெளக்கு வெக்கிறேன்னே எனக்குத் தெர்லடி. கிழக்கப் பாத்து வெக்கிறேன். அவரு மேற்கால கெடந்தாருன்னா?"

இவ்வளவுதான் அவள் கேட்டது. ஒரு துறைமுகத்தின் பெயர். ஒரு திசை. சாவதற்குமுன் ஒருமுறை சரியான பக்கம் திரும்பி உட்கார வேண்டும் அவளுக்கு.

நான் போன அன்று கடையில் பெங்களூர்க்காரர் ஒருவரும், பழைய பொம்மை வாங்கி விற்கும் உள்ளூர்ப் பையன்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். சிப்பாய் ஒன்றையும் முக்குளிப்பானையும் மேசையில் வைத்தேன். அம்மா கேட்டதையும், கடல், வானம் என்று அவள் நம்புவதையும் சொன்னேன். எல்லோர் முன்னாலும் சொன்னேன்; பத்திரிகைக்காரிக்கு உரிய உருக்கத்தோடு, கொஞ்சம் அழகாகவே சொன்னேன். பெங்களூர்க்காரர் உச்சுக்கொட்டினார். அண்ணாச்சி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வழக்கமான கேள்வியைக் கேட்டார். உண்மை என்றேன்.

முதலில் சிப்பாயைத் திருப்பினார். ஊசியே எடுக்கவில்லை. பூதக்கண்ணாடி வழியே முதுகைப் பார்த்து, அதைப் பெங்களூர்க்காரரிடம் நீட்டினார்.

"படிங்க."

அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். "ஆமா, இரண்டு 'பி' இருக்கிறது. இது ஒரு கம்பெனி பெயர் என்றுதான் வெளிநாட்டில் குறித்து வைத்திருக்கிறார்கள். ஹாங்காங்காக இருக்கலாம் என்கிறார்கள்."

"கம்பெனி பேருமில்ல, மயிருமில்ல. எந்த நாட்டுக்காரன் எழுதினாலும் இங்கிலீசுல ஜப்பானுக்கு ஒரு 'பி'தான் வே. ரெண்டு போடுதவன் தமிழன் ஒருத்தன்தான். ஏன்? நம்ம வாய்க்கு அது ஜப்பான். நம்ம எழுத்துல புள்ளி வச்ச 'ப்' ஒண்ணு, பக்கத்துல 'பா' ஒண்ணு. அச்சு வெட்டுனவன் பூட்டு ரிப்பேர்காரன். வாயால சொல்லிப் பாத்து, சொன்னத அப்படியே வெட்டிப்புட்டான். பர்மா பஜார்ல பாரின் சரக்குன்னு தள்ளுததுக்காகப் போட்ட பொய். பொய்யத் தமிழ்லயே போட்டுட்டான் பய." சிப்பாயைக் கீழே வைத்தார். "இந்தச் சரக்க நானே வித்திருக்கேன். யாவாரத்துல இதுக்குப் பேரே ரெண்டு பி கம்பெனி. தண்டையார்பேட்டைல, எண்ணெய் கிடங்குக்குப் பின்னால ஒரு தகரக் கொட்டகை. ஒரே ஒரு கை மிஷினு."

உள்ளூர்ப் பையன்களில் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னான்: "இன்னா அண்ணாச்சி, அப்போ ஜப்பானு இங்கதான் கீதா? ஷேர் ஆட்டோல போய்டலாம் போல." மற்றவன், "பாஸ்போர்ட்டு மறந்துடாத மாமு" என்றான்.

பொம்மைகளை நைனா பர்மா பஜாரில் வாங்கியிருப்பார், கப்பல் உண்மைதான், பரிசு மட்டும்தான் பொய் என்று சொன்னேன். நல்ல வாதம். இன்றும் அந்த வாதத்தின் சாமர்த்தியத்தைப் பார்த்து நான் வியப்பதுண்டு. அண்ணாச்சி பதில் சொல்லாமல் முக்குளிப்பானை எடுத்தார். லைட்டர். தழல். ஊசி சிவந்தது. உள்ளங்காலைத் திருப்பியவர், ஊசியை இறக்காமல் நின்றார். அப்படி அவர் நின்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு கணம் எனக்கு நம்பிக்கை வந்தது. இது அவர் அறியாத பொம்மை. இதுதான் உண்மையான கடல் தாண்டி வந்தது.

"இதுக்கு ஊசி வேண்டாம் தாயி" என்று ஊசியை மேசையில் வைத்தார். "இங்க பாரு, காலுக்கு அடியில குச்சி மாதிரி நீட்டிக்கிட்டிருக்கு. இது காம்பு. உருகுன பிளாஸ்டிக்கு அச்சுக்குள்ள போற வழி. கடைக்குப் போற ஒவ்வொரு பொம்மைக்கும் இத வெட்டிருவாங்க. இந்தா, ஓரமெல்லாம் பிசிறு. இதையும் வெட்டல. வெட்டாத பொம்மைய எந்தக் கடைக்காரனும் வாங்கமாட்டான். பர்மா பஜாரும் வாங்கமாட்டான், ஜப்பான்காரனும் வாங்கமாட்டான். இது கடையையே பாக்காத பொம்மை."

பையன்கள் இருவரும் மேசைக்கு மேலே குனிந்தார்கள்.

"இந்தச் செவப்பு இருக்கே. முந்துன நாள் செவப்புச் சரக்கு ஓடியிருக்கு. மறுநா நீலத்தப் போட்டிருக்கான். மிஷின்ல மிச்சம் நின்ன செவப்பு, முதல்ல வர்ற உருப்படியில இப்படிக் கலந்து வரும். அதக் கழிச்சுப் போட்டு, அரைச்சு, மறுபடி உருக்குவாங்க. இது கழிவு. உங்க அம்மா வானம்னாங்க." திருப்பினார். தோளுக்குக் கீழே, நான் பழுது என்று நினைத்திருந்த ஒரு பள்ளத்தில் தன் கட்டைவிரலை வைத்தார். சரியாகப் பொருந்தவில்லை, அவர் விரல் பெரியது. "சூடு ஆறுததுக்குள்ள அச்சுல இருந்து கையாலயே புடுங்கி எடுத்திருக்கான். ரேகை பாரு. மிஷின் ஓட்டுதவன் தவிர ஒருத்தனும் இத இப்படித் தொட்டிருக்க முடியாது. இதச் செஞ்சவன் யாரு, எந்த ஊருன்னுதான கேட்ட? இதக் குடுத்தனுப்புனவன்தான் செஞ்சவன். கப்பலு ஏதுமில்ல. உங்கப்பன் தண்டையார்பேட்டைய விட்டு நகரல."

தீப்பட்ட கைகள். தேங்காய் எண்ணெய். எஞ்சின் ரூம். ஒன்றன்மேல் ஒன்றாக எல்லாம் சரிந்து தத்தம் இடத்தில் உட்கார்ந்தன. நெடுநாள் பிழையாக நின்ற ஒரு வாக்கியம் ஒரே ஒரு சொல்லை மாற்றியதும் நேராவதுபோல. அதில் ஒரு கேவலமான நிம்மதிகூட இருந்தது. பொட்டப் பிள்ளைக்கு ஏன் பட்டாளத்தான் வந்தான் என்று இப்போது தெரிந்துவிட்டது. அந்த மிஷினில் அந்த அச்சுதான் இருந்தது.

பெங்களூர்க்காரர்தான் முதலில் அசைந்தார். துக்கம் விசாரிக்க அல்ல. முக்குளிப்பானை இரண்டு கைகளாலும் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பி, இப்படி ஒன்று இதுவரை கிடைத்ததே இல்லை என்றார். முத்திரை இல்லாதது, காம்போடு இருப்பது, செய்தவனின் ரேகையோடு இருப்பது. உலகத்தில் இது ஒன்றுதான் என்றார். அண்ணாச்சியும் தலையசைத்தார். எந்தக் கம்பெனி என்று ஆயிரம் பொம்மைக்குச் சொல்லியிருக்கிறாராம். எந்த ஆள் என்று ஒரு பொம்மைக்கும் சொன்னதில்லையாம். முதல்முறையாக அவர் குரலில் ஆசை மாதிரி ஒன்று கேட்டது.

"உங்கப்பன் பேரு என்ன தாயி? படம் போடுதப்ப செஞ்சவர்னு போடணும்லா."

அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று பொம்மைகளை வாரி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

திரும்பும் பேருந்தில் ஊர்ப் பெயர்களை அடுக்கிப் பார்த்தேன். கொழும்பு மிகப் பக்கம், நம்ப மாட்டாள். சிங்கப்பூர் எல்லோரும் சொல்வது. ஏடன் என்று சொன்னால் மேற்கே திரும்பி உட்காருவாள். ஓசை நயத்துக்காகவே நான் ஏடனைத் தேர்ந்தேன். வார்த்தை பொறுக்கியே பிழைத்தவளின் புத்தி. ஆனால் வாசலில் அம்மா குளித்து, வெளுத்த புடவை கட்டி, விளக்கைத் துலக்கிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எந்தத் திக்கு என்று தெரிந்ததும் உடனே ஏற்றிவிட வேண்டும் என்று. அந்த விளக்கைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர்மேலா, அவள்மேலா என்று இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"இன்னா ஊரு சொன்னாரு?"

"தண்டையார்பேட்டை."

முழுவதையும் சொன்னேன். கொட்டகை, கை மிஷின், காம்பு, கழிவு, கட்டைவிரல். எதையும் விடவில்லை. அம்மா அழுவாள் என்று நினைத்தேன். டீச்சரைத் திட்டியதுபோல அண்ணாச்சியைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் விளக்கைத் தரையில் வைத்தாள். வெகுநேரம் கணக்குப் போடுகிறவள்போல உதடுகளை அசைத்துக்கொண்டிருந்தாள்.

"ஹார்பராண்ட போய் விசாரிக்கச் சொல்லோ அந்த வழியாத்தானேடி போவோம்."

ஆமாம். நைனா காணாமல் போன பின் ஆண்டுக்கணக்கில் நாங்கள் கப்பல் ஆபீஸ்களுக்கு அலைந்தோம். பாரிமுனைக்குப் போகும் பேருந்து. தண்டையார்பேட்டையில் லாரிகள் வழிமறித்துக்கொள்ளும்.

"பஸ்ஸு அங்க நிக்கும்டி. லாரி வுட்டாத்தான் நகரும். நிக்கும், நிக்கும், அப்படி நிக்கும்." தரையில் இருந்த விளக்கைத் தள்ளி வைத்தாள். "நா ஜன்னலாண்டதான் குந்தியிருப்பேன்."

அண்ணாச்சி நைனாவின் பெயரைக் கேட்டார் என்று சொன்னேன். அம்மாவின் முகம் அப்போதுதான் மாறியது.

"சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. கப்பலேறாமயே அவன் பேரு சீமைக்கெல்லாம் போவணுமா? வேணாம்." அவர் என்பது அவன் என்று ஆனதை அவளும் கவனித்தாள், நானும் கவனித்தேன். "பேரில்லாம கெடக்கட்டும்."

நைனாவின் பெயரை அம்மா தன் வாழ்நாளில் சொன்னதில்லை. அவள் வயதுப் பெண்கள் யாரும் சொல்வதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் என்னைப் பார்ப்பாள், நான் சொல்வேன். கப்பல் ஆபீஸ்களுக்கு என்னைப் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட வைத்து இழுத்துக்கொண்டு அலைந்தது அதற்காகத்தான். கவுண்டருக்குள் இருப்பவர் பெயர் என்ன என்பார். அம்மா என் தோளைத் தட்டுவாள். நான் எக்கி நின்று ஒப்பிப்பேன். அப்படி ஒரு ஆள் எங்கள் எந்தக் கப்பலிலும் இல்லை என்பார்கள். அம்மா அந்தப் பெயரை வாயில் போட்டுப் பூட்டி வைத்திருந்தாள். சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பது அவள் கேட்டு வளர்ந்த பேச்சு.

மறுநாள் அவள் பொட்டை அழிப்பாள் என்று எதிர்பார்த்தேன். வழக்கத்தைவிடப் பெரிதாக வைத்துக்கொண்டாள். "அழிச்சா அவனுக்கு எழவு கொண்டாடுனாப்பல ஆய்டும். அதுக்குக்கூட நா வரமாட்டேன்" என்றாள். தண்டையார்பேட்டைக்குப் போய் விசாரிக்கிறேன், வேறு குடும்பமா, உயிரோடு இருக்கிறாரா, ஏதாவது தெரியும் என்றேன். நான் செய்தி தேடுகிற பிறவி, என் கால்கள் நிற்கவில்லை. "போனேன்னா இங்க திரும்பி வராத" என்றாள். போகவில்லை.

அண்ணாச்சி இரண்டு முறை போன் செய்தார். அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். "கெட்டிக்காரி" என்றார். அவர் யாரையும் பாராட்டி நான் கேட்டது அது ஒன்றுதான். கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவும் இல்லை. அன்று கடையில் பையன்கள் போனில் எடுத்திருந்த படங்களை இணையத்தில் போட்டுவிட்டார். தண்டையார்பேட்டை, கை மிஷின், செய்தவர் தெரியவில்லை. போன மழைக்காலத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். கடையில் இப்போது தண்ணீர்க் கேன் அடுக்கியிருக்கிறார்கள். எங்கெங்கோ இருக்கிறவர்கள் அந்த முக்குளிப்பானைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்த ரேகையைப் பெரிதாக்கிப் பார்த்து அழகு என்கிறார்கள். யாரோ ஒரு கைவினைஞன், தன் படைப்பின்மேல் கையொப்பமிட்டான் என்று ஒருவர் எழுதியிருந்தார். நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன், தெரியாமல் இருந்திருந்தால்.

அம்மாவின் கண்ணைக் காட்ட இந்த மாதம் டவுனுக்குப் போனோம். மெட்ரோவில் போகலாம், அரைமணியில் போய்விடலாம் என்றேன். பேருந்துதான் வேண்டும் என்றாள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். தண்டையார்பேட்டை வந்ததும் முன்னால் ஒரு கண்டெய்னர் லாரி குறுக்கே நின்றுகொண்டது. ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். வெயில், டீசல், யாரோ யாரையோ திட்டும் குரல். அம்மா சீட்டுக் கம்பியைப் பிடித்து எழுந்து நின்றாள். புரை விழுந்த கண்ணால் எதைப் பார்த்தாளோ, ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே முகத்தைக் கொடுத்து, தெருவைப் பார்த்து, உரக்க, நாயைக் கூப்பிடுகிற தோரணையில், நைனாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். டேய் போட்டுக் கூப்பிட்டாள். நாக்குக்குப் பழகாத பெயர், முதல் எழுத்தில் கொஞ்சம் தடுக்கியது. இரண்டாம் முறை சுத்தமாக வந்தது. மூன்றாம் முறை இன்னும் உரக்க.

இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவருக்கு இருக்கிற பெயர்தான். டீக்கடையில் கிளாஸோடு நின்ற ஒருவன் திரும்பினான். லாரிக்கு அடியிலிருந்து கிளீனர் பையன் எட்டிப் பார்த்தான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன கிழவர் ஒருவர் நின்று, கையைக் கண்ணுக்குமேல் வைத்து, எந்தப் பேருந்து என்று தேடினார். அம்மா ஒவ்வொருவராகப் பார்த்தாள். எனக்கு அந்தக் கிழவரின் முகம் முழுதாகத் தெரிவதற்குள் லாரி நகர்ந்தது, பேருந்து குலுங்கியது.

"யாருன்னு பாத்தியா?" என்றேன்.

"எவனா இருந்தா இன்னா" என்று சொல்லிவிட்டு அம்மா உட்கார்ந்து, ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடினாள்.